ஓருறையில் இரு வாள்: அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இரு பந்தோட்டவீரரை ஒருங்கு பயன்படுத்துதல்

ஓருறையில் இரு வாள் அடங்கா என்பது பழமொழி. ஒரு தொழிலில் திறமை மிக்கார் ஒருவரைப் பெறுதலே அரிது. இருவரை ஒருங்கே பெற்றவிடத்து அப்பேறே சிக்கலாய் முடிதலும் உண்டு. எவரை முன்னிறுத்துவது, எவரைக் காத்திருக்கச் செய்வது, இருவரும் ஒரே வேளையிற் களத்தில் நிற்க இயலுமா என்னும் வினாக்கள் ஆங்கு எழுகின்றன. அரசவையிலும் ஆசிரியர் குழுவிலும் எழும் இவ்வினாக்களுக்கு விடை காண்பது எளிதன்று. ஏனெனில் அங்கு ஒவ்வொருவர் உழைப்பையும் அளந்து காட்டும் அளவுகோல் இல்லை. அமெரிக்க உதைபந்தாட்டத்திலோ இதே சிக்கல் யார்க் கணக்காகவும் புள்ளிக் கணக்காகவும் அளக்கப்படுகின்றது. ஆதலின், அவ்வாட்டத்திற் பந்தைச் சுமந்தோடும் வல்லார் இருவரை ஓரணி எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதை ஆராய்தல் விளையாட்டில் விருப்பில்லார்க்கும் பயன் தருவதாம்.

ஆட்டத்தின் அமைப்பு

பெயர் உதைபந்தாட்டம் எனினும், இவ்வாட்டத்திற் பந்து காலால் உதைக்கப்படுவது சிறுபான்மையே. பெரும்பான்மையும் அது கையிற் சுமக்கப்படும், அல்லது எறியப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் றகர் ஆட்டத்திலிருந்து கிளைத்தது இது; பந்தும் நீள்வட்ட வடிவினதே. அணிக்குப் பதினொருவர் ஆடுவர். இரு இலக்குக் கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரம் 100 யார். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புக்கள் கொடுக்கப்படும். அவற்றுள் 10 யார் முன்னேறின் மீண்டும் நான்கு வாய்ப்புக்கள் கிடைக்கும். முன்னேறாதவிடத்துப் பந்து எதிரணிக்குச் செல்லும். பந்தை எதிரணியின் இலக்குக் கோட்டுக்கப்பாற் கொண்டுசென்றால் 6 புள்ளிகள்.

றகர் ஆட்டத்தினின்றும் இது வேறுபடும் இயல்புகளுள் இரண்டு ஈண்டு நோக்கற்பாலன. முதலாவது, 1906ஆம் ஆண்டு தொடக்கம் பந்தை முன்னோக்கி எறிதல் விதிப்படி அனுமதிக்கப்பட்டமை. இரண்டாவது, பந்தில்லாத வீரர் ஒருவர் தம் உடலால் எதிரியை மறித்துத் தம் தோழருக்கு வழி திறக்கலாம் என்பது. றகர் ஆட்டத்திற் குற்றமாகும் இச்செயல் இங்கு ஆட்டத்தின் உயிர்நாடியாகும். இரு பந்தோட்டவீரர் என்னும் சிக்கல் முழுவதும் இவ்விரண்டாம் விதியைச் சுற்றியே சுழல்கின்றது.

தாக்கும் அணியின் எழுவரேனும் தொடக்கக் கோட்டில் நிற்றல் வேண்டும். எஞ்சிய நால்வருள் ஒருவர் ‘குவாட்டர்பக்’ எனப்படுவர். ஆட்டத்தை நடத்துபவரும் பந்தை முதலிற் கைக்கொள்பவரும் அவரே. மற்றை மூவரைப் பயிற்றுநர் தாம் விரும்பியவாறு நிறுத்தலாம். அவர்களிற் குவாட்டர்பக்கின் பின்னோ பக்கத்திலோ நின்று, அவர் கையிலிருந்து பந்தைப் பெற்று ஓடுபவரே பந்தோட்டவீரர். பண்டை வழக்கில் அவர்களுள் முன் நடுவே உடல் வலியோடு இடித்துச் செல்பவர் ‘புல்பக்’ எனவும், பக்கங்களில் விரைந்தோடுபவர் ‘ஹாவ்பக்’ எனவும் வழங்கப்பட்டனர்.

சிக்கல் யாது?

பந்து ஒன்றே. இருவர் நின்றாலும் ஒரு வாய்ப்பில் ஒருவரே அதைச் சுமத்தல் கூடும். ஆதலால் இரண்டாமவரை நிறுத்துதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியதாகின்றது. அவர் நிற்கும் இடத்தில், ஓரத்தில் விரைந்தோடி எறிபந்தைப் பிடிக்கும் வீரர் ஒருவர் நின்றிருக்கலாம். அவ்வீரர் நின்றிருப்பின் எதிரணியும் தன் காவலர் ஒருவரை அவரைத் தொடர்ந்து ஓரத்துக்கு அனுப்பியிருக்கும். அவர் இல்லாமையால் அக்காவலர் நடுவே வந்து நிற்பர். ஓடுவதற்குரிய வெளி சுருங்கும். எறிபந்து பெருகிய இந்நூற்றாண்டிற் பெரும்பாலான அணிகள் பின்வரிசையில் ஒருவரை மட்டும் நிறுத்துதற்குக் காரணம் இதுவே.

எனவே வினா ‘இருவரும் திறமையுடையரா’ என்பதன்று. ‘பந்து தம் கையில் இல்லாதபோது இருவரும் என்ன செய்வர்’ என்பதே. பந்தில்லாதவர் எதிரியை மறித்து வழி திறப்பராயின், அல்லது ஓடுவதுபோற் காட்டி எதிரியை மயக்குவராயின், அல்லது பக்கத்தே சென்று எறிபந்தைப் பெறுவராயின், அவர் நிற்பதாற் பயனுண்டு. இம்மூன்றும் செய்யாராயின் அவர் எத்துணை விரைவினராயினும் களத்தில் ஒரு பார்வையாளரே.

இருவரைப் பயன்கொள்ளும் நெறிகளும் மூவகைப்படும். ஒருவர் இளைப்பாற மற்றவர் ஆடுதல் ஒன்று. இருவரும் ஒருங்கு நின்று, நடுவழி ஒருவர்க்கும் பக்கவழி மற்றவர்க்குமாகப் பகுத்துக் கொள்ளுதல் மற்றொன்று. இருவருள் ஒருவரை ஓடுபவராகவும் மற்றவரை எறிபந்து பெறுபவராகவும் மாற்றி மாற்றி அமைத்தல் மூன்றாவது. வரலாற்றிற் புகழ்பெற்ற இணைகள் யாவும் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ தழுவியனவே.

வெஸ்ற் பொயின்ற் இணை

இரண்டாம் நெறிக்கு எடுத்துக்காட்டு வெஸ்ற் பொயின்ற் படைத்துறைக் கல்லூரியின் பீலிக்ஸ் பிளாஞ்சாட், கிளென் டேவிஸ் ஆகிய இருவர். ‘டொக்’ என அழைக்கப்பட்ட பிளாஞ்சாட் புல்பக். நடுவரிசையை உடைத்துச் செல்வார். டேவிஸ் ஹாவ்பக், பக்கங்களைச் சுற்றி மின்னலென ஓடுவார். ‘உள்வழியார்’, ‘புறவழியார்’ என்னும் பொருள்பட மக்கள் இவர்களுக்குப் பெயர் சூட்டினர். ஏர்ல் பிளேக் என்னும் பயிற்றுநரின் கீழ் 1944 தொடக்கம் 1946 வரை மூன்று பருவங்களில் அவ்வணி 27 ஆட்டங்களில் வென்றது. ஒன்று சமநிலையில் முடிந்தது. தோல்வி ஒன்றேனும் இல்லை. ஆண்டுதோறும் மிகச் சிறந்த கல்லூரி வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் விருதை 1945இற் பிளாஞ்சாட்டும் 1946இல் டேவிசும் பெற்றனர்.

இவ்விணையின் வலிமை எங்கிருந்து வந்தது? 1945ஆம் ஆண்டிலே டேவிஸ் 82 முறை மட்டுமே பந்தைச் சுமந்து 944 யார் ஓடினார். ஒன்பது ஆட்டங்களிற் பகிர்ந்து நோக்கின் ஆட்டமொன்றுக்கு ஒன்பது முறையே ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் சராசரி பதினொன்றரை யார் கிடைத்தது. எதிரணி பிளாஞ்சாட்டுக்கு அஞ்சி நடுவே திரளும். அப்போது டேவிஸ் பக்கத்தால் நழுவுவார். டேவிசுக்கு அஞ்சி எதிரணி அகலுமாயின், நடுவே பிளாஞ்சாட் இடித்துச் செல்வார். ஒருவரது அச்சமே மற்றவரது வழி. பந்தைக் குறைவாகப் பெற்றமையால் எவர் புகழும் குறையவில்லை. ஒவ்வொரு பெறுதலின் பயனும் மிகுந்தது என்பது இதனாற் பெறப்படும்.

கிறீன் பே அணியும் மறித்தற் கலையும்

பிளேக்கின் கீழ் 1949 தொடக்கம் 1953 வரை துணைப் பயிற்றுநராய் இருந்தவர் வின்ஸ் லொம்பார்டி. இவர் 1959இற் கிறீன் பே பக்கர்ஸ் என்னும் தொழின்முறை அணியின் தலைமைப் பயிற்றுநரானார். ஆங்கும் போல் ஹோர்னங், ஜிம் டெயிலர் என்னும் இருவர் பின்வரிசையில் நின்றனர். ஹோர்னங் ஓடவும் எறியவும் பந்தை இலக்குக்கு உதைக்கவும் வல்லவர். 1960இல் 12 ஆட்டங்களில் 176 புள்ளிகள் ஈட்டினார். அச்சாதனையை 2006 வரை எவரும் கடக்கவில்லை. டெயிலரோ 1960 தொடக்கம் 1964 வரை ஆண்டுதோறும் ஆயிரம் யாருக்கு மேல் ஓடியவர்.

லொம்பார்டி அணியின் தலையாய ஆட்டம் ஒன்றுண்டு. முன்வரிசையின் இரு ‘காட்’ வீரர்களும் தம் இடம் விட்டுப் பக்கத்தே விரைவர். அவர் பின்னே ஹோர்னங் பந்தோடு செல்வார். இவ்வாட்டத்தில் டெயிலரின் வேலை, பந்தின்றி முன்சென்று எதிரணியின் ஓரக் காவலரை மறித்தல். அந்த மறிப்புத் தவறின் ஹோர்னங் புறப்பட்ட இடத்திலேயே வீழ்த்தப்படுவார். டெயிலர் ஓடும் ஆட்டங்களில் ஹோர்னங் அதே பணியை அவருக்குச் செய்வார். நாட்டின் தலைசிறந்த பந்தோட்டவீரருள் ஒருவர், ஆட்டத்திற் பன்முறை, தம் பெயர் ஏட்டிற் பதியப்படாத வேலையைச் செய்தார். அவ்வணி 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது.

எதிரியே தெரிவு செய்யும் முறை

இருவருள் எவருக்குப் பந்தைக் கொடுப்பது என்னும் வினாவுக்கு நுட்பமான விடையொன்று 1968இல் ரெக்சாஸ் பல்கலைக்கழக அணியிற் கண்டறியப்பட்டது. டறல் றோயல் தலைமைப் பயிற்றுநராயிருக்க, எமரி பெலார்ட் என்னும் துணைவர் அதனை வகுத்தார். குவாட்டர்பக்கின் பின்னே புல்பக் ஒருவரும், அவருக்குப் பின் இருபுறமும் ஹாவ்பக் இருவரும் நிற்பர். ஆட்டம் தொடங்கியதும் புல்பக் முன்வரிசையை நோக்கிப் பாய்வார். அவ்விடத்து எதிர்க் காவலர் ஒருவரை எவரும் மறியாது வேண்டுமென்றே விட்டுவிடுவர். அக்காவலர் புல்பக்கைப் பிடிக்க விரைந்தாற் குவாட்டர்பக் பந்தைக் கொடாது தம் கையிலேயே வைத்துப் பக்கத்தே ஓடுவார். அவர் அசையாது நின்றாற் பந்தைப் புல்பக்கிடம் விட்டுவிடுவார். பக்கத்தே ஓடும்போது அடுத்த காவலர் குவாட்டர்பக்கை நோக்கி வந்தால், உடன் ஓடிவரும் ஹாவ்பக்குக்குப் பந்து எறியப்படும்.

இம்முறையிற் பந்தைப் பெறுபவரைத் தீர்மானிப்பவர் பயிற்றுநரும் அல்லர், வீரரும் அல்லர், எதிரியே. எதிரி எவரை மறந்தாரோ அவருக்கே பந்து. பங்கீடு பற்றிய மனக்கசப்புக்கு இங்கு இடம் மிகக் குறைவு. ரெக்சாஸ் அணி 1968 தொடக்கம் 1970 வரை தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றமை இந்நெறியின் வலிமைக்குச் சான்று.

ஆயிரம் யார்க் கணக்கு

ஒரு பருவத்தில் ஆயிரம் யார் ஓடுதல் தொழின்முறை வீரர்க்குப் பெருமை தரும் எல்லையாகக் கருதப்பட்டு வந்துள்ளது. ஓரணியின் இருவர் ஒரே பருவத்தில் அவ்வெல்லையை அடைந்தது முதன்முதலில் 1972இல் நிகழ்ந்தது. டொன் சூலா பயிற்றிய மயாமி அணியில் லறி சொங்கா 1,117 யாரும் மேர்க்குரி மொறிஸ் 1,000 யாரும் ஓடினர். மொறிசின் கணக்கு முதலில் 991 எனவே பதியப்பட்டது. ஓராட்டத்தில் அவர்மேற் சுமத்தப்பட்ட 9 யார் இழப்பு, மீளாய்வின்பின் நீக்கப்பட்டமையால் அது 1,000 ஆயிற்று. அப்பருவத்தில் மயாமி அணி இறுதிப்போட்டி உட்பட 17 ஆட்டங்களிலும் வென்றது. மொறிசுக்கு இடம் விட்டுப் பின்னின்றவர் ஜிம் கிக் என்னும் மூன்றாமவர். இறுதிக்கு முந்திய போட்டியில் இருமுறையும் இறுதிப்போட்டியில் ஒருமுறையும் பந்தை இலக்குக் கோட்டைக் கடத்தியவர் அவரே என்பது மறக்கற்பாலதன்று.

1976இற் பிற்ஸ்பேர்க் அணியின் பிராங்கோ ஹரிஸ் 1,128 யாரும் றொக்கி பிளையர் 1,036 யாரும் ஓடினர். பிளையர் 1969இல் வியற்நாம் போரிற் காலிற் படுகாயமுற்றவர். மீண்டும் ஆடுதல் அரிதெனக் கருதப்பட்டவர். அணிக்கு மீண்டபின் ஹரிசுக்கு வழி திறக்கும் மறிப்பாளராகவே பெரிதும் மதிக்கப்பட்டார். அப்பருவத்தில் அவ்வணி முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கிற் தோற்றது, குவாட்டர்பக்கும் காயமுற்றார். அந்நிலையில் வலிய தற்காப்பையும் இவ்விருவர் ஓட்டத்தையும் நம்பி எஞ்சிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆயினும் வாகைத் தொடரின் முதலாட்டத்தில் இருவரும் காயமுற்றனர். அடுத்த கிழமை, இருவரும் இன்றி ஆடிய அணி ஓக்லண்ட் அணியிடம் 7க்கு 24 எனத் தோற்றது. இருவர் இருத்தலின் பயன் யாது என்பதை இருவரும் இல்லாத அவ்வொரு நாள் விளக்கிற்று.

எண்களை ஒப்பிடுங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1972இலும் 1976இலும் பருவத்துக்கு 14 ஆட்டங்கள். 1978 தொடக்கம் 16. 2021 தொடக்கம் 17. ஆயிரம் யாரை எட்ட அன்று ஆட்டத்துக்கு 71 யாருக்கு மேல் வேண்டியிருந்தது. 17 ஆட்டப் பருவத்தில் 59 யார் போதும். மேலும், இருவர் ஆயிரம் கடத்தல் வெற்றிக்கு உறுதியுமன்று. 1985இற் கிளீவ்லண்ட் அணியின் கெவின் மக், ஏர்ணெஸ்ற் பைனர் இருவரும் ஆயிரம் கடந்தனர். அணியோ எட்டு வெற்றியும் எட்டுத் தோல்வியுமே கண்டது. எறிபந்து வலியற்ற அணியில் இரு ஓட்டவீரரும் ஒரே சுமையைச் சுமந்தவராவர்.

பிழைத்த இடங்கள்

2005ஆம் ஆண்டுப் பருவத்திலே தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழக அணியில் விரைவுக்கு றெஜி புஷ்சும் வலிமைக்கு லெண்டேல் வைற்றும் இருந்தனர். இருவரும் அப்பருவத்தில் ஆயிரம் யாரைப் பெரிதும் கடந்தவர். 2006 சனவரி 4இல் ரெக்சாஸ் அணியோடு நடந்த இறுதிப்போட்டியில், ஏறத்தாழ இரு நிமிடம் எஞ்சியிருக்க, அவ்வணி 38க்கு 33 என முன்னின்றது. நான்காம் வாய்ப்பு, வேண்டியது 2 யார். பந்து வைற்றிடம் கொடுக்கப்பட்டது. அன்று மும்முறை இலக்குக் கோட்டைக் கடந்த அவரை நம்பியது தவறெனல் ஒல்லாது. ஆனால் அந்நொடியிற் புஷ் களத்தில் இல்லை. கோட்டுக்கு வெளியே நின்றார். அவரைக் கண்காணிக்க வேண்டிய தேவை இன்மையால் எதிரணி நடுவே திரண்டு வைற்றை வீழ்த்தியது. பின் 56 யார் முன்னேறி, 19 விநாடி எஞ்சியிருக்க முன்னிலை பெற்று, 41க்கு 38 என வென்றது. புஷ் பந்தைப் பெறாமலே உதவியிருக்கலாம் என்பதே அன்று எழுந்து இன்றும் அடங்காத வாதம்.

வேறொரு வகைச் சிக்கல் 1987இல் லொஸ் ஏஞ்சலிஸ் றெய்டர்ஸ் அணியில் எழுந்தது. 1985இல் 1,759 யார் ஓடி நாட்டின் முதல் வீரராய் விளங்கிய மார்க்கஸ் அலன் ஆங்கு இருக்க, அடிபந்தாட்டப் பருவம் முடிந்தபின் ஆண்டுதோறும் போ ஜக்சன் என்னும் பெருவீரர் வந்து சேர்ந்தார். அலன் புல்பக் இடத்துக்கு மாறி ஜக்சனுக்கு வழி திறந்தார். பணியை அவர் செவ்வனே செய்தார். எனினும் ஆற்றல் மிக்க ஓட்டவீரர் ஒருவரின் நல்லாண்டுகள் மறித்தலிற் கழிந்தன. 1991 சனவரியில் இடுப்பிற் பட்ட காயத்தால் ஜக்சனின் உதைபந்தாட்ட வாழ்வு முடிந்தது. அலன் 1997 வரை ஆடினார். பகிர்வு ஒருவர்க்கு இழப்பாகவும் மற்றொருபால் உடலைக் காத்த காப்பாகவும் அமையலாம் என்பது இதனின்று கொள்ளத்தக்கது.

வாழ்வும் வரும்படியும்

இச்சிக்கல் புகழை மட்டும் பற்றியதன்று. பந்தோட்டவீரர் ஒவ்வொரு ஓட்டத்திலும் பெருவலியோடு தாக்கப்படுபவர். முப்பது வயதை எட்டுமுன்னரே பலரின் விரைவு குன்றிவிடும். ஊதியமோ பெரிதும் ஓடிய யாரைக் கொண்டு மதிக்கப்படுவது. ஆதலிற் பாதிப் பந்தைத் தோழருக்கு விட்டுக்கொடுத்தல் தம் வருவாயிற் பாதியை விட்டுக்கொடுத்தலாக ஒருவருக்குத் தோன்றுதல் இயல்பே.

ஆயினும் அவ்வச்சம் எப்போதும் மெய்யாவதில்லை. ஓபேர்ண் பல்கலைக்கழகத்தின் கார்னெல் வில்லியம்ஸ், றொனி பிறவுண் ஆகிய இருவரும் தொழின்முறைக்குச் செல்லாது 2004ஆம் ஆண்டின் இறுதிப் பருவத்துக்காகக் கல்லூரியிலேயே தங்கினர். இருவரும் பல வேளைகளில் ஒருங்கு களத்தில் நின்றனர். பிறவுண் எறிபந்தையும் பெற்றார். அணி 13 ஆட்டங்களிலும் வென்றது. 2005இல் தொழின்முறை அணிகள் வீரரைத் தெரிவு செய்தபோது பிறவுண் இரண்டாமிடத்திலும் வில்லியம்ஸ் ஐந்தாமிடத்திலும் எடுக்கப்பட்டனர். பகிர்ந்தமையால் எவர் விலையும் குறையவில்லை. தாக்குண்ட உடல் மட்டும் குறைவாகத் தேய்ந்தது. அண்மைக் காலத்தில் டெற்றோயிற் அணி முதலாம் நெறியாகிய மாறி ஆடுதலைப் பெரிதும் தழுவிற்று. 2023இல் டேவிட் மொண்ட்கொமறி 1,015 யாரும் ஜமீர் கிப்ஸ் 945 யாரும் ஓடினர். இருவரும் தனித்தனி பத்து முறைக்குக் குறையாது பந்தோடு இலக்குக் கோட்டைக் கடந்தனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று உண்மைகள் புலனாகும். இருவர் திறமையும் ஒரே வகையினதாயின் அவர்கள் மாறி மாறி ஆடுதலே பொருந்தும். வேறு வேறு வகையினதாயின் ஒருங்கு நிற்றலாற் பயன் பெருகும். ஒருங்கு நிற்குமிடத்து இருவரும் மறித்தற் கலையைக் கற்றிருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் கற்றிருப்பின் எவர் ஓடுவார் என்பது எதிரிக்கு முன்னரே தெரிந்துவிடும். பங்கீட்டின் காரணத்தைப் பயிற்றுநர் இருவர்க்கும் வெளிப்படையாக உரைத்தல் வேண்டும். உரையாதவிடத்து நெறி எத்துணைச் சிறந்ததாயினும் மனக்கசப்பு அதனை அரித்துவிடும்.

ஆட்டம் முடிந்தபின் ஏட்டிற் பதியப்படுவன ஓடிய யாரும் ஈட்டிய புள்ளியுமே. டெயிலர் ஹோர்னங்குக்காக மறித்த மறிப்புக்களுக்கு அவ்வேட்டில் நிரல் இல்லை. பிளையர் ஹரிசுக்குத் திறந்த வழிகளுக்கும் இல்லை. ஆயினும் அவ்வழிகள் இன்றேல் ஏட்டில் உள்ள எண்களும் இல்லை. ஓருறையில் இரு வாள் அடங்கா என்பது மெய்யே. ஆனால் ஒரு வாள் வெட்டுகையில் மற்றையது கேடயமாய் நிற்க இசையுமாயின், உறை ஒன்றே என்பது குறையாகாது.